ஆறு மணிக்குத் திரும்பும் வீடுகள்

எங்கள் செண்பக நகர் மூன்றாவது தெருவுக்குப் புதிதாக வருகிறவர்களிடம் நாங்கள் முதலில் கேட்பது, எத்தனை மணிக்கு வருவீர்கள் என்றுதான், ஏனென்றால் சாயங்காலம் ஆறு மணிக்கு முன்னால் வந்தால் என் வீட்டு வாசல் தெருவைப் பார்த்து இருக்கும், ஆறு மணிக்கு மேல் வந்தால் மேற்கே பார்த்து இருக்கும், அப்போது நீங்கள் பக்கத்து வீட்டுச் சுற்றுச்சுவரை ஒட்டி ஒருக்களித்து நடந்து வந்துதான் காலிங் பெல்லை அடிக்க வேண்டும். என் பெயர் மாயழகு. முப்பத்தோரு வருஷம் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து, ஏறுகிறவனுக்கும் இறங்குகிறவனுக்கும் வழி சொல்லியே தொண்டை காய்ந்தவன். ரிட்டயர் ஆன பிறகாவது வாயை மூடிக்கொண்டு கிடக்கலாம் என்று பார்த்தால் இந்த வீடு விடமாட்டேன் என்கிறது.

வீடுகள் திரும்பத் தொடங்கியது சவரிராஜ் கொத்தனார் கொத்துக்கரண்டியைக் கீழே வைத்து வேலையை விட்ட வாரத்தில். திண்டுக்கல்லுக்கு வெளியே கருவேலங்காடாகக் கிடந்த இந்த இடத்தில் பதினான்கு வருஷத்தில் பன்னிரண்டு வீடு எழும்பியது, பன்னிரண்டும் அவர் கட்டியது. அவர் கொத்தனார், அவர் மனைவி பிரகாசி சித்தாள். அவள் செங்கல்லையும் கலவையையும் தலையில் சுமந்து ஏணி ஏறி வருவாள், அவர் வாங்கி அடுக்குவார், பூசுவார். ஒரு வீடு முடிந்ததும் அடுத்த மனையில் கோடு போடுவார்கள், இப்படியே தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் வேலை செய்துகொண்டே போனார்கள். குடி வந்தது நாங்கள். அவர்கள் இரண்டு பேரும் மகள் செலினோடு தெருவின் மேற்குக் கோடியில், யாரோ எப்போதோ கட்டிய ஓர் ஆஸ்பெஸ்டாஸ் வீட்டில் வாடகைக்கு இருந்தார்கள்.

போன வருஷம் சவரிக்கு இருமல் வந்தது, வந்த இருமல் போகவில்லை. டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, நெஞ்சுக்குள் சிமென்ட் தூசி குடியேறிவிட்டது, இனி நீ ஒரு மூட்டையைப் பிரித்தாலும் உன் உயிருக்கு நான் பொறுப்பில்லை என்று சொல்லிவிட்டார். நாற்பது வயதில் ஒரு மனிதன் வேறு என்ன வேலைக்குப் போவான். மதுரையில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனிக்கு நடுச்சுவர் வைக்கப் போயிருந்தபோது, ஒரே சுவர் நேராக நிற்கிறதா என்று இவர் மூன்று தடவை தூக்குக்குண்டு விட்டுப் பார்த்ததை அங்கிருந்த மேனேஜர் அம்மா கவனித்திருக்கிறார். "இந்தப் பொறுமைதான்ணா எங்க வேலைக்கும் வேணும். ஒரு சர்டிஃபிகேட் பரீட்சை இருக்கு, பாஸ் பண்ணிட்டு வாங்க, நானே இன்டர்வியூவுக்குக் கூப்பிடுறேன்" என்றாராம். அவர் நிஜமாகச் சொன்னாரோ பேச்சுக்குச் சொன்னாரோ, பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கில் எண்பத்தாறு வாங்கிய இந்த மனுஷன் அதை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"ஒரே ஒரு தடவைதான் எழுதுவேன் பிரகாசி. இதுல போகலைன்னா பேசாம கரண்டியை எடுத்துட வேண்டியதுதான்" என்று அவர் சொன்ன அன்றைக்கே, பிரகாசி அந்தக் கரண்டியைத் துணியில் சுற்றி அரிசி டிரம்முக்குள் ஆழமாகப் புதைத்துவிட்டாள். அவர் பரீட்சையில் தோற்றால் சிமென்ட்டுக்குப் போவார், சிமென்ட்டுக்குப் போனால் திரும்பி வரமாட்டார். இது அவளுக்குத் தெரியும், எங்கள் எல்லோருக்கும் தெரியும். மறுநாளிலிருந்து அவள் மட்டும் வேறொரு கொத்தனாரிடம் சித்தாளாக, வத்தலக்குண்டு ரோட்டுப் பக்கம் காலை எட்டு மணி ஷேர் ஆட்டோவில் போய், சாயங்காலம் ஆறு மணிக்குத் திரும்பத் தொடங்கினாள். ஆறிலிருந்து எட்டு வரை சவரிக்கு லேப்டாப்பில் வகுப்பு, ஞாயிற்றுக்கிழமை முழு நாளும் வகுப்பு.

பழைய லேப்டாப் அது. முதல் புரோகிராமை, இரண்டு எண்ணைக் கூட்டிச் சொல்கிற புரோகிராமை, அவர் ஒரு திங்கட்கிழமை எழுதி முடித்தார். முடித்துவிட்டு ஓட்டிப் பார்க்கவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "இப்பத்தானே போட்டிருக்கேன், செட் ஆகட்டும். இருபத்தோரு நாள் போகட்டும்" என்றார். கான்கிரீட் தளம் போட்டால் அப்படித்தானே, கீழே முட்டுக் கொடுத்த பலகையை இருபத்தோரு நாள் பிரிக்கக் கூடாது, காலையும் மாலையும் தண்ணீர் விட வேண்டும், ஈரச் சாக்கைப் போட்டு மூட வேண்டும். மனுஷன் லேப்டாப் மேல் ஈரச் சாக்கைப் போட்டு மூடிவிட்டார். நாலாம் நாள் அதில் பாதி எழுத்து அமுங்கவில்லை. பிரகாசி ஒரு வார்த்தை திட்டாமல் அதைத் துடைத்து, ஈரம் வாங்கட்டும் என்று அதே அரிசி டிரம்மில் மூன்று நாள் புதைத்து வைத்தாள், அது பிழைத்துக்கொண்டது. மூன்று நாளும் கரண்டியும் லேப்டாப்பும் ஒரே அரிசிக்குள் அக்கம்பக்கமாகக் கிடந்தன.

வகுப்பு தொடங்கிய முதல் வாரத்தில்தான் ஒரு நாள் சாயங்காலம் என் மனைவி தமயந்தி வாசல் தெளிக்கக் கதவைத் திறந்துவிட்டு, "ஏங்க, தெருவைக் காணோம்" என்றாள். எங்கள் வீடு மேற்கே திரும்பி இருந்தது. எதிர்வீடும் அப்படியே, அதற்கு அடுத்த வீடும் அப்படியே. சவரி கட்டிய வீடுகள் தெருவின் மேற்குக் கோடியை, அந்த ஆஸ்பெஸ்டாஸ் வீட்டை, ஜன்னல் ஜன்னலாகப் பார்த்துக்கொண்டு நின்றன. காலை எட்டு மணிக்கு அவை தத்தம் இடத்துக்குத் திரும்பின, சாயங்காலம் ஆறுக்கு மறுபடி மேற்கே பார்த்தன.

இதற்காக யாரும் அலறவில்லை, அலறினால் யார் வந்து சரிபண்ணப் போகிறார்கள். மின்சார வாரியத்து ஆள் வந்து பார்த்து, கம்பியை ஒரு சுற்றுத் தொய்வாக விட்டுப் போனார். சாக்கடைக் குழாய்க்கு எல்லோரும் வளைகிற ஹோஸ் மாட்டிக்கொண்டோம். வாஸ்து பார்க்கிறவர் ஒருத்தர் கையில் திசைகாட்டியோடு வந்து, நாலரை மணிக்கு ஒரு பலன் எழுதி, ஆறரை மணிக்கு அதை அடித்து வேறொரு பலன் எழுதி, காப்பி குடித்துவிட்டுப் போனவர் பிறகு வரவில்லை. தமயந்தி காலையில் ஒரு கோலம், சாயங்காலத்து வாசலுக்கு ஒரு கோலம் என்று போடப் பழகினாள். நாலாவது வீட்டில் பெண் பார்க்க வந்தவர்கள் ஐந்து மணிக்கு முன்வாசல் வழியாக உள்ளே போய், ஏழு மணிக்கு அதே வாசல் வழியாக வெளியே வந்து, பக்கத்து வீட்டு முருங்கை மரத்தில் முட்டிக்கொண்டார்கள். கல்யாணம் நடந்தது, அது வேறு விஷயம்.

காரணம் எங்களுக்குத் தெரிந்ததுதான். ஆறு மணிக்கு வகுப்பு, ஆறு மணிக்கு வீடுகள் திரும்புகின்றன, ஞாயிற்றுக்கிழமை முழு நாள் வகுப்பு, அன்றைக்கு வீடுகள் முழு நாளும் மேற்கே பார்க்கின்றன. தன்னைக் கட்டிய கை கீபோர்டில் என்ன செய்கிறது என்று அவை பார்க்க வேண்டாமா. ஒரு வெள்ளிக்கிழமை மட்டும் எட்டு மணி வரை எந்த வீடும் அசையவில்லை, அன்றைக்கு நெட் இல்லை போலிருக்கிறது என்று நாங்களே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டோம். ஆறு மணிக்கு டிவி சத்தத்தைக் குறைத்தோம். சவரிக்குப் புரியாத பாடம் வருகிற நாளில் எங்கள் வீட்டுச் சுவரே கொஞ்சம் சூடாக இருப்பதாகத் தமயந்தி சொன்னாள், எனக்கு அப்படி ஒன்றும் தெரியவில்லை, ஆனால் நானும் தலையை ஆட்டினேன்.

ஒரே ஒரு வீடு திரும்பவில்லை. ஏழாவது வீடு, ஜெயக்கொடி சிஸ்டர் வீடு. பெரியாஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ரிட்டயர் ஆனவர், தனி ஆள். பதினோரு வீடும் மேற்கே பார்க்க, அவர் வீடு மட்டும் தெருவைப் பார்த்து விறைப்பாக நின்றது. சிஸ்டருக்கு அது பெரிய குறை. "நானும் இவன்கிட்டதான் கட்டுனேன். என் வீட்டுக்கு மட்டும் அப்படி என்ன வீறாப்பு" என்று எங்களிடம் கேட்பார். சவரி அந்தப் பேச்சு வந்தால் குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்.

பரீட்சை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு. வீட்டிலிருந்தே எழுதலாம், ஆனால் லேப்டாப் கேமரா வழியாக எங்கிருந்தோ ஒரு பெண் கண்காணித்துக்கொண்டே இருப்பாள், அறையில் வேறு ஆள் இருக்கக் கூடாது, வெளியிலிருந்தும் யாரும் பார்க்கக் கூடாது. செலினை அவள் அத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பிரகாசி வாசற்படியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள். நாங்கள் ஏழெட்டுப் பேர் கொஞ்சம் தள்ளி நின்றோம். அந்த அறையின் ஜன்னல் கதவில்லாத, ஓட்டை ஓட்டையான சிமென்ட் ஜாலி, அதனால் உள்ளே பேசுவது எல்லாமே எங்களுக்குக் கேட்டது.

முதலில் இங்கிலீஷில் பேசிய பெண், சவரி "நோ மேடம், தட் இஸ் ஹவுஸ்" என்று தடுமாறியதும் தமிழுக்கு மாறினாள். "அண்ணா, தமிழா நீங்க. ஜன்னல்ல நிறையப் பேர் பாக்கறாங்களே."

"ஆளுங்க இல்லம்மா. வீடுங்க. நான் கட்டுனது."

ரூல் புத்தகத்தைப் புரட்டினாள் போல. "ஆள் பார்த்தா என்ன பண்ணணும்னுதான் போட்டிருக்கு. வீடு பார்த்தா என்னன்னு போடலைண்ணா. ஆனா எனக்கு இங்க சிவப்பு லைட் எரியுது. துணி ஏதாவது கட்டிப் பாருங்க."

பிரகாசியின் சேலையைக் கட்டிப் பார்த்தார். காற்றில் சேலை அசைகிறபோதெல்லாம் அங்கே மணி அடித்தது. அந்தப் பெண்ணின் குரல் இறங்கிவிட்டது. "பதினஞ்சு நிமிஷம் தர்றேண்ணா. அதுக்குள்ள அவங்களைத் திரும்பிக்கச் சொல்லுங்க. இல்லைன்னா கேன்சல் பண்ணித்தான் ஆகணும். எனக்கு மேல இருக்கறவங்க பார்த்துட்டிருக்காங்க."

நாங்கள் ஆளுக்கொரு திசையில் ஓடினோம். அவரவர் வீட்டு முன்னால் நின்று அவரவருக்குத் தெரிந்த மாதிரி கெஞ்சினோம். தமயந்தி கதவுக்கு மஞ்சள் தடவி, தங்கம், ராசாத்தி, ரெண்டு மணி நேரம் அந்தப் பக்கம் திரும்பிக்கோ என்றாள். எனக்குக் கொஞ்சத் தெரியாது, "யோவ், திரும்பு, திரும்பு, வழியை அடைச்சிட்டு நிக்காத" என்று விசிலே அடித்துப் பார்த்தேன். ஒரு வீடும் ஒரு அங்குலம் அசையவில்லை. நாலு நிமிஷம் போனது, ஆறு நிமிஷம் போனது. பரீட்சை இன்னும் தொடங்காததால் சவரி எழுந்து வெளியே வந்தார், முகம் வெளுத்திருந்தது, மூச்சு இரைத்தது, நேராக ஏழாவது வீட்டுக்கு நடந்து ஜெயக்கொடி சிஸ்டர் முன்னால் நின்றார்.

"சிஸ்டர், எல்லாம் நான் செஞ்ச பாவம். உங்க தளத்துக்கு இருபத்தோரு நாள் பலகை நின்னிருக்கணும். பலகை வாடகைக்குக் கொடுத்த மேஸ்திரி அடுத்த சைட்டுக்குக் கேட்டாருன்னு ஒன்பதாம் நாளே பிரிச்சேன். ஹால்ல ஓடுறது பூச்சு வெடிப்புதான்னு உங்ககிட்ட சொன்னது பொய். அதான் உங்க வீடு என் மூஞ்சியில முழிக்க மாட்டேங்குது. இன்னிக்கு எல்லா வீடும் உங்க வீட்டோட சேர்ந்துக்கிட்டு எனக்கு எதிரா நிக்குதுங்க."

சிஸ்டர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "தெரியும்ப்பா. ஒன்பது வருஷமா மழை பெய்யுற அன்னிக்கெல்லாம் கட்டிலை ஓரமா இழுத்துப் போட்டுப் படுக்கிறவளுக்கு அது என்ன வெடிப்புன்னு தெரியாதா. நீ பாஸ் பண்ணிட்டு வா, உட்கார வச்சுத் திட்டுறேன். இப்ப போய் நாற்காலியில உட்காரு, மூச்சு வாங்குது பாரு."

சவரி அழுதுவிட்டார். ஆனால் வீடுகள் அப்போதும் திரும்பவில்லை. அவர் உள்ளே போய் உட்கார்ந்தார், கேன்சல் ஆவதைப் பார்ப்பதற்காகத்தான் உட்கார்ந்தார் என்று எங்களுக்குத் தெரிந்தது. பிரகாசி வாசற்படியிலிருந்து எழுந்தாள். "நான் அந்தத் தண்ணித் தொட்டிப் பக்கம் போறேன்க்கா, இங்க இருந்தா நெஞ்சு அடைக்குது" என்று தமயந்தியிடம் சொல்லிவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, தெருவின் கிழக்குக் கோடியை நோக்கி விறுவிறுவென்று நடந்தாள்.

அவள் முதல் வீட்டைத் தாண்டியபோது அது திரும்பியது. ஆட்டுக்கல் மெதுவாகச் சுற்றுகிற மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். இரண்டாவது வீட்டைத் தாண்டினாள், அதுவும் அவள் பின்னாலேயே திரும்பியது. என் வீடு, எதிர்வீடு, நாலாவது வீடு, ஒவ்வொன்றும் அவள் போகிற போக்கில் தலையைத் திருப்பி, அவள் தண்ணீர்த் தொட்டியடியில் போய் நின்றபோது பதினோரு வீடும் கிழக்கே பார்த்து நின்றன, சவரியின் ஜன்னலுக்கு முதுகு காட்டிக்கொண்டு. உள்ளே அந்தப் பெண்ணின் குரல் கேட்டது. "க்ளியர்ணா. ஸ்டார்ட் பண்ணுங்க. ஆல் தி பெஸ்ட்."

முப்பத்தோரு வருஷம் ஆள் எண்ணியே சம்பளம் வாங்கியவன் நான், இத்தனை மாசத்தில் இந்த ஆளை எண்ணாமல் விட்டுவிட்டேன். ஆறு மணிக்கு வகுப்பு தொடங்குவது மட்டுமா நடந்தது, ஆறு மணிக்குத்தானே அவள் ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்குவாள். ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு லீவு. அந்த வெள்ளிக்கிழமை எங்கோ தளம் போட்டார்கள் என்று அவள் எட்டு மணிக்குத்தான் வந்தாள். பதினான்கு வருஷம் இந்தத் தெருவிலேயே பகலெல்லாம் கண்ணெதிரில் நடமாடியவள், அவர் கரண்டியை வைத்த வாரத்தில்தான் முதல் தடவையாக வெளியூருக்கு, வேறு வீடுகளுக்குச் செங்கல் தூக்கப் போனாள். இந்த வீடுகளின் ஒவ்வொரு செங்கல்லும் சவரியின் கைக்குப் போவதற்கு முன்னால் அவள் தலையில் ஏறி இறங்கியது. அவை அவளைத் தேடியிருக்கின்றன.

ஜெயக்கொடி சிஸ்டர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "என் வீடு கட்டுனப்ப இவ ஏது. அஸ்திவாரத்துலேர்ந்து தளம் வரைக்கும் இவ வரவே இல்லையே. செலின் வயித்துல இருந்து படுத்த படுக்கையா கிடந்தா. பிரசவம் பார்த்ததே நான்தானே. என் வீட்டுக்கு இவளைத் தெரியாது, பாவம்."

பிரகாசிக்கு விஷயம் புரிந்ததும் அவள் செய்த முதல் காரியம் நம்பாமல் இரண்டு அடி மேற்கே வந்து பார்த்ததுதான். வீடுகளும் இரண்டு அடி திரும்பின. பதறிப்போய்ப் பழையபடி தொட்டியடிக்கே ஓடினாள். பிறகு இரண்டு மணி நேரம் அவள் அந்த வெயிலில் நின்றாள். தமயந்தி குடையும் மோரும் கொண்டுபோனாள், நான் நாற்காலி கொண்டுபோனேன், உட்கார்ந்தால் ஏதாவது ஆகிவிடுமோ என்று அவள் உட்காரவில்லை. பதினோரு வீட்டு ஜன்னலும் தன்னையே பார்க்க, கூச்சத்தில் முந்தானையை இழுத்து இழுத்து விட்டாள்.

"என்னை எதுக்குண்ணே பாக்குதுங்க. நான் என்ன செஞ்சேன், செங்கல் தூக்குனேன், அவ்வளவுதானே" என்றாள் என்னிடம்.

என் வீட்டில் பால் காய்ச்சிய அன்று சவரிக்கு வேட்டி, துண்டு, மாலை, எல்லாம் முறைப்படி செய்தேன், கொத்தனாருக்குச் செய்யாமல் யாரும் குடிபுக மாட்டார்கள். பிரகாசிக்கு ஒரு டம்ளர் பாயாசம் கொடுத்ததாக ஞாபகம், அதுவும் நிச்சயமில்லை. அன்றைக்கு அந்தத் தொட்டியடியில் நின்றபோது எனக்கு வெட்கமாக இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது.

பன்னிரண்டரைக்குச் சவரி வெளியே வந்தார். எல்லா வீடும் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்தார், அவை பார்க்கிற திசையைப் பார்த்தார், அந்தக் கோடியில் தமயந்தியின் பூப்போட்ட குடைக்குக் கீழே தன் மனைவி நிற்பதைப் பார்த்தார். மெதுவாக, மூச்சு வாங்காமல், நடந்து போனார்.

"பாஸா" என்றாள் பிரகாசி.

"பாஸ். எழுபது வேணும், எழுபத்தெட்டு." திரும்பி வீடுகளைப் பார்த்தார். "உன்னையத்தான் பாத்திருக்குதுங்க பிரகாசி. நான் என்னையன்னு நெனச்சிட்டேன்."

"தெரியும். ரெண்டு மணி நேரமா நிக்கிறேனே" என்று சொல்லிவிட்டு, அவள் அவர் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள்.

மேனேஜர் அம்மா சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினார். சவரி இப்போது மற்றவர்கள் எழுதுகிற புரோகிராமில் வெடிப்பு இருக்கிறதா என்று தட்டிப் பார்க்கிற வேலையில் இருக்கிறார், வாரத்தில் இரண்டு நாள் மதுரை, மற்ற நாள் வீட்டிலேயே. இன்னும் ஈரம் காயலை மேடம், இப்ப வெளியே விட வேண்டாம் என்று அவர் போனில் சொன்னால் அங்கே யாரும் மறுபேச்சுப் பேசுவதில்லையாம். இருமல் முழுசாகப் போகவில்லை, குறைந்திருக்கிறது.

ஜெயக்கொடி சிஸ்டரும் சொன்னதைச் செய்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சவரியை உட்கார வைத்து ஒரு மணி நேரம் திட்டினார். ஓர் இன்ஜினியர் வந்து பார்த்து, தளம் விழாது, பூச்சைக் கொத்திவிட்டு வெடிப்பை அடைத்துப் புதிதாகப் பூச வேண்டும் என்றார். யார் பூசுவது என்று பேச்சு வந்தபோது, பிரகாசி வீட்டுக்குப் போய் அரிசி டிரம்மில் முழங்கை வரை கைவிட்டு அந்தக் கரண்டியை எடுத்து வந்தாள். எங்கள் பக்கத்தில் சித்தாள் எத்தனை வருஷம் ஆனாலும் சித்தாள்தான், பொம்பளை கையில் கரண்டி கொடுக்கிற வழக்கம் கிடையாது. இருபது வருஷமாகக் கலவை சுமந்து கொடுத்தவள் அன்றைக்கு முதல் தடவையாகக் கையில் கரண்டியோடு சாரத்தில் ஏறினாள். சவரி தூசி படாத தூரத்தில், ஜன்னலுக்கு வெளியே, முகத்தில் துணி கட்டி நின்றுகொண்டு, "மட்டம் பாரு, இடது பக்கம் கொஞ்சம் இழு" என்று ஆரம்பித்தார், அவள் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள், பேசாமல் நின்றுகொண்டார். பூச்சு கண்ணாடியாக இருந்தது. அந்த மாதக் கடைசியில் நாங்கள் பதினோரு வீட்டுக்காரர்களும் சேர்ந்து அவளுக்குச் சேலையும் மாலையும் வாங்கி, காலம் கடந்த முறையைச் செய்தோம்.

அவள் அந்த வேலையிலும் இருபத்தோரு நாள் என்றாள். தினமும் காலையும் மாலையும் போய்த் தண்ணீர் தெளித்தாள், ஈரத்துணி வைத்து ஒற்றினாள், சிஸ்டர் கட்டிலை நடு ஹாலுக்கு நகர்த்த விடவில்லை. இருபத்திரண்டாம் நாள் சாயங்காலம் ஆறு மணிக்கு, அவள் ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கிக் கையில் கரண்டியோடு தெருவுக்குள் நுழைந்தாள், பதினோரு வீடும் வழக்கம் போலத் திரும்பின. ஆறு மணி இரண்டு நிமிஷத்துக்கு, ஏழாவது வீடு, இத்தனை நாள் அசையாமல் இருந்த விறைப்பில் கொஞ்சம் தடுமாறி, மெதுவாகத் தன் வாசலை அவள் பக்கம் கொண்டுவந்து நிறுத்தியது.

உள்ளே இருந்த சிஸ்டர் கதவைத் திறந்தார். எதிரே தெருவுக்குப் பதிலாகப் பிரகாசி நின்றிருந்தாள்.

"வாடி. காப்பி போட்டிருக்கேன், குடிச்சிட்டுப் போ" என்றார்.